கேட்டுப் படிக்க வேண்டிய கதைகள்: முரண், குறியீடு, கரு – கொங்கிலிருந்து ஒரு மறுபார்வை

2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்திலிருந்து புதுமைப்பித்தனின் இரண்டு சிறுகதைகளை நீக்கியது. ஒன்று 'துன்பக்கேணி', மற்றொன்று 'பொன்னகரம்'. ஒடுக்கப்பட்ட மக்களை அவை இழிவாகக் காட்டுகின்றன என்று புகார் எழுந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எரித்தார்கள். நாவல் வெளிவந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். நாவலுக்கு எதிரான கோரிக்கைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2016 ஜூலை 5 அன்று.

இரண்டும் ஒரே தன்மையுள்ள வழக்குகள் என்று சொல்ல முடியாது. ஒன்றில் வகுப்பறை, மற்றொன்றில் தெரு. ஒன்றில் ஒடுக்கப்பட்டவர்களின் மனக்குறை பேசியது, மற்றொன்றில் ஊரின் ஆதிக்கம் பேசியது. ஆனால் இரண்டிலும் ஒரு கேள்வி பொதுவாக இருந்தது. புனைகதையில் வரும் ஒரு வாக்கியத்தை யார் சொல்கிறார்கள், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று பார்த்தபின் அதன் பொருளை முடிவுசெய்வதா, அல்லது வாக்கியத்தை மட்டும் பிய்த்தெடுத்துத் தீர்ப்பு எழுதுவதா?

சிறுகதை ஆய்வில் முரண், குறியீடு, கரு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். வினாத்தாளில் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. ஆனால் இவை மூன்றும் சம வரிசையில் நிற்பவையாகத் தெரியவில்லை. கதையின் தொனி முதலில் காதில் விழ வேண்டும். அது விழுந்தால்தான் கதையிலுள்ள பொருள்களுக்குக் கனம் கூடுகிறது. கரு கடைசியில் வருகிறது. தமிழ் வகுப்பறையும் பொதுவெளியும் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கருவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற குறியீடுகளைத் தேடிப் பிடித்து, முரணை ஓர் அலங்காரமாகக் கடைசியில் ஒட்டுகின்றன. கொங்கு நாட்டோடு தொடர்புள்ள எழுத்துகளை முன்னால் வைத்துப் பார்த்தால் இந்த வரிசைக் குழப்பம் தெளிவாகத் தெரிகிறது.

மில் கூலிக்காரியின் முக்கால் ரூபாய்

'பொன்னகரம்' 1934-இல் மணிக்கொடி இதழில் வந்தது. ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும் கதை. அம்மாளு மில்லில் கூலி வேலை செய்பவள். கணவன் முருகேசன் ஜட்கா ஓட்டுபவன். வண்டி கவிழ்ந்து அடிபட்டுப் படுத்துவிடுகிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும். கையில் காசில்லை, கூலி வரும் நாளும் இன்றில்லை. அவள்மேல் ஏற்கெனவே கண் வைத்திருந்த ஒருவனோடு சந்து இருட்டில் மறைகிறாள். முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களை நோக்கி ஒரு கேள்வியை வீசிவிட்டுக் கதைசொல்லி நிறுத்திவிடுகிறார்.

இந்தக் கதைக்குத் தலைப்புதான் முதல் முரண். நகரத்தின் குழாயடி, சாக்கடை, கொசு எல்லாவற்றையும் ஒரு சுற்றுலா வழிகாட்டியின் உற்சாகத்தோடு கதைசொல்லி வர்ணிக்கிறார். அந்த உற்சாகம் பொய். அது பொய் என்று வாசகர் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கையில்தான் கதையே நிற்கிறது. நம்பிக்கை பொய்த்தால் மிஞ்சுவது என்ன? ஒரு சேரியை அழுக்கு என்று சொன்ன எழுத்தாளர், ஓர் ஏழைப் பெண்ணை ஒழுக்கம் தவறியவள் என்று சொன்ன எழுத்தாளர். கதையின் கத்தி யாரை நோக்கி நீட்டப்பட்டதோ அவர்கள் தப்பிவிடுகிறார்கள். அதன் அடி அம்மாளுமேல் விழுந்ததாக ஆகிவிடுகிறது.

கோயம்புத்தூர் வாசகருக்கு இந்தக் கதையில் இன்னொரு கதவும் திறக்கும். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய ஊர் இது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. 'பொன்னகரம்' அச்சான அதே ஆண்டுகளில்தான் கொங்குச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் ஆலைச் சங்குக்கு ஓடப் பழகிக்கொண்டிருந்தார்கள். கதை நடக்கும் நகரம் வேறு. ஆனால் 'மில் கூலி' என்ற இரண்டு சொற்களை ஒரு விவரமாகக் கடந்துபோகாமல், கூலி நாளுக்கும் பசி நாளுக்கும் இடையிலுள்ள இடைவெளியாகப் படிக்க இந்த ஊர் மாணவருக்குப் பாட்டி வழிச் செய்திகளே உதவும். கதையின் முரண் இயங்குவது அந்த இடைவெளியில்தான். உழைப்புக்கு நாள் பார்த்துக் கூலி தருகிற நகரம் உடலுக்கு அன்றைக்கே தருகிறது.

சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் கொள்ளும் வாசிப்பு தமிழருக்கு மட்டும் வாய்த்த குறையன்று. 1948 ஜூன் 26 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் ஷெர்லி ஜாக்ஸனின் 'லாட்டரி' கதை வெளியானது. ஓர் அமைதியான அமெரிக்கச் சிற்றூரில் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். கதை வந்ததும் ஜாக்ஸனுக்கு ஏறக்குறைய 300 கடிதங்கள் வந்தன. திட்டியவர்கள் பலர். இப்படிப்பட்ட குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கடிதம் எழுதியவர்கள் படிப்பறிவில்லாதவர்கள் இல்லை. கதைசொல்லி பதற்றமே இல்லாமல், கிராமத் திருவிழாவை எழுதும் நிருபர் போல எழுதியிருந்ததை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

முரண் எத்தனை வகை

பாடநூல்கள் முரணைச் சொல்முரண் (சொல்வது ஒன்று, கருதுவது வேறு), நிலைமுரண் (எதிர்பார்த்தது ஒன்று, நடப்பது வேறு), நாடகமுரண் (பாத்திரம் அறியாததை வாசகர் அறிவது) என்று பிரிப்பதில் தவறில்லை. பிரிவைச் சொன்னதோடு நின்றுவிடுவதுதான் குறை.

'பொன்னகரம்' சொல்முரணுக்கு உதாரணம் என்றால், நாடகமுரணுக்கு 1943-இல் கலைமகளில் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இருக்கிறது. சென்னைத் தெருவில் வழி கேட்டு நிற்பவர் கடவுள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் அவர் வரம் கேட்பதில்லை. தம் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராகச் சேரச் சொல்கிறார். ஆயுள் என்றால் யாருடைய ஆயுள் என்று கடவுள் திருப்பிக் கேட்கும் இடத்தில் வாசகர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குள் பிள்ளையின் வாழ்க்கைக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. கடவுளையும் சந்தாக் கணக்கில் மட்டுமே நினைத்துப் பார்க்கும்படி அவரை ஆக்கியது எது? கதை பதில் சொல்வதில்லை. பின்னால் பூலோகத்தில் பிழைப்புத் தேடித் தோற்றுத் திரும்புவது கடவுள்தான்.

நிலைமுரணுக்குக் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' போதும். அந்தத் தலைப்பிலுள்ள தொகுப்புக்கு அவர் மறைவுக்குப் பின் 1970-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. குழந்தைகளோடு குழந்தையாகப் பழகுகிறவன் என்று தன்னைப் பற்றிப் பெருமைப்படும் கதைசொல்லி, புத்தாண்டுக்குச் சில குழந்தைகளுக்கு டைரி தருகிறான். சாரங்கன் என்ற சிறுவன் அவன் கணக்கில் வரவில்லை. சாரங்கன் அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரிக்கிறான். பிறகு தானே தயாராக வைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, கதைசொல்லியே தனக்கு அதை அன்பளித்ததாக எழுதித் தரும்படி கேட்கிறான். கோபம் இல்லை, அழுகை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. கொடுத்தவன் என்று நினைத்திருந்தவன் எதுவும் கொடுக்காதவனாகிவிடுகிறான். வாங்காத பிள்ளை அவனுக்கு மானத்தோடு வெளியேற வழியும் செய்து தருகிறான்.

இந்தக் கதையை 'குழந்தைகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது' என்று சுருக்கிவிடலாம். தேர்வில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் கதைசொல்லி தன் நல்ல குணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியபோது அழகிரிசாமி நம்மை அவன்மேல் மெல்ல மெல்லச் சந்தேகப்பட வைத்த விதம் அந்தச் சுருக்கத்தில் எங்கேயும் இருக்காது.

'ங்க' போட்டுக் குத்துவது

கொங்குப் பேச்சு மரியாதைக்குப் பேர்போனது. திரைப்படக் கேலிகளும் நகைச்சுவைத் துணுக்குகளும் அதை இனிப்பாகவே காட்டி வந்திருக்கின்றன. அந்தப் பேச்சுக்குள் வளர்ந்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். கடன் வாங்கிவிட்டுக் கண்ணில் படாமல் திரிகிறவனைச் சந்தையில் பார்த்தால், "என்னுங்க, ஆளையே காணமுங்களே, பெரியாளாயிட்டீங்களாட்ட இருக்குதுங்" என்பார்கள். வாக்கியத்தில் ஒரு மரியாதைக் குறைவும் கிடையாது. கேட்டவன் அன்றிரவு தூங்க மாட்டான். வசவை மரியாதைக்குள் பொதிந்து தரும் இந்தக் கலை, எழுதப்பட்ட கதைக்கு வந்ததும் அச்சில் தட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. படிப்பவர் காதில் அந்த இழுவை விழாவிட்டால் உரையாடல் வெறும் பணிவாகத் தோன்றும்.

இதை முதலில் துணிந்து பயன்படுத்தியவர் ஆர். ஷண்முகசுந்தரம். தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரைச் சேர்ந்தவர். மணிக்கொடியில் 'பாறையருகில்' என்ற சிறுகதையோடு தொடங்கினார். கோவையில் 'வசந்தம்' இதழோடும் பதிப்புப் பணியோடும் வாழ்ந்தார். அவருடைய 'நாகம்மாள்' 1942-இல் வெளிவந்தது. அளவில் சிறியது, கட்டுக்கோப்பில் நீண்ட சிறுகதைக்கு நெருக்கமானது. விதவையான நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனோடு ஒரே குடும்பமாக இருக்கிறாள். தனக்கும் மகளுக்கும் நிலத்தில் பங்கு வேண்டும் என்று கேட்கிறாள். தூண்டிவிட ஊரில் ஆள் இருக்கிறது, துணைக்குக் கெட்டியப்பன் இருக்கிறான். பங்கு கேட்ட பேச்சு கொலையில் முடிகிறது. அவள் கேட்டது நியாயம், நடந்தது அவள் கேட்காதது. இந்த நிலைமுரணை ஆசிரியர் எங்கும் விளக்குவதில்லை. வாசலிலும் களத்திலும் நடக்கும் சாதாரணப் பேச்சுகளில், விசாரிப்பது போன்ற பாவனையில், ஒவ்வொருவரும் இன்னொருவரின் வீட்டுக்குள் தீ வைத்துவிட்டுப் போகிறார்கள். ஷண்முகசுந்தரத்தின் படைப்பாளுமை பற்றித் தனி நூலே எழுதிய பெருமாள்முருகன், 2000-இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் கொண்டுவந்தது தற்செயல் ஆகாது. இந்த எழுத்தைப் படிக்கக் கோட்பாட்டு நூலுக்கு முன் அகராதி வேண்டியிருக்கிறது.

பின்னால் வந்த வா.மு. கோமு இதே கருவியை உரக்க வாசிக்கிறார். விஜயமங்கலம் பக்கத்துக்காரர். அவருடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பெயரே 'அழுவாச்சி வருதுங் சாமி'. அழுகையைச் சொல்லும்போதும் மரியாதை விகுதி கழன்றுவிழவில்லை. அழுகிறவரின் சமூக இடம் என்ன, எதிரே நிற்கும் 'சாமி' யார் என்ற இரண்டையும் அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

கிணறு, புழு, ஆடு

குறியீட்டைப் பற்றிப் பேசும்போது மேற்கத்தியப் பெயர்களோடு தொடங்குவது இங்கே பழகிவிட்டது. ஆனால் தொல்காப்பியமே உள்ளுறை உவமத்தைப் பற்றிப் பேசுகிறது. நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம், நீர் ஆகியவற்றின் செயலுக்குள் மனிதரின் நிலையை மறைத்து வைப்பது உள்ளுறை. தெய்வத்தை மட்டும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது இலக்கணம். இதிலுள்ள நடைமுறை அறிவு இன்றைய சிறுகதை வாசகருக்கும் உதவும். குறியீடு அந்த மண்ணிலேயே முளைத்ததாக இருக்க வேண்டும். முதலில் அது உண்மையான பொருளாக இருக்க வேண்டும்.

படிக்காதவர்களுக்குக் குறியீடு புரியாது என்ற எண்ணத்தைக் கொங்கின் உடுக்கைப் பாட்டு உடைத்துவிடும். அண்ணமார் சாமி கதையில் கொம்பன் என்ற பன்றி வருகிறது. அதைக் கொன்ற வெற்றியே கதைநாயகர்களான பொன்னருக்கும் சங்கருக்கும் முடிவின் தொடக்கமாகிறது. 1965-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காங்கயம் வட்டாரத்தில் தங்கி இந்தக் கதைப்பாடலை ஒலிப்பதிவு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், அதன் குறியீட்டமைப்பைப் பற்றி 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு வெகுகாலம் முன்பே, விடிய விடிய உட்கார்ந்து கேட்ட உழவர்கள் அந்தப் பன்றியை வெறும் பன்றியாக மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

பெருமாள்முருகனின் 'நீர் விளையாட்டு' சிறுகதையை இங்கே சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒருவன் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து விளையாடுகிறான். கும்மாளம். களைத்து மேலேற முயல்கிறான். பிள்ளைகள் விடுவதில்லை. மறுபடி இழுக்கிறார்கள், மறுபடி தள்ளுகிறார்கள். எந்த நொடியில் விளையாட்டு பயமாக மாறியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. கிணறு ஆழ்மனத்தின் குறியீடு, தாயின் கருவறை, மரணம் என்று உடனே பட்டியல் போடத் தோன்றும். அந்தப் பட்டியலுக்கு முன், கொங்குக் கிணற்றைப் பார்க்க வேண்டும். மேல்மண் சீக்கிரம் முடிந்து, பாறையை வெட்டி ஆழமாக இறக்கிய கிணறுகள் இவை. இறங்கவும் ஏறவும் பெரும்பாலும் ஒரே படிவரிசைதான். மற்ற மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. படியை மறித்துவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வானம் மட்டும்தான் திறந்திருக்கும். கதையின் அச்சம் இந்தக் கட்டட உண்மையிலிருந்து வருகிறது. வலுவுள்ள பெரியவனுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இடையே அதிகாரம் கைமாறுவதும் அந்தப் படியில்தான். ஆழ்குழாய்கள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போன கோவைப் பகுதியில், கிணற்றில் குதித்தே பழகாத தலைமுறை ஒன்று கல்லூரிக்கு வந்துவிட்டது. அவர்களுக்குக் கதையைக் கற்பிக்கிறவர் முதலில் ஒரு கிணற்றைக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஆனைமலையை எடுத்துக்கொண்டால் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' இருக்கிறது. 2011-இல் எழுதப்பட்ட அந்த நீண்ட கதை பிறகு பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் துணைப்பாடமாக இடம்பெற்றது. டாப்ஸ்லிப்பில் வாழ்ந்து யானைகளுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி அதன் நாயகர். அழுகிய யானைச் சடலத்தில் நெளியும் புழுக்களைக் கண்டு அருவருக்கும் இளம் வன அதிகாரிக்கு, டாக்டர் அந்தப் புழுவைக் கைக்குழந்தையைக் காட்டுவது போலக் காட்டுகிறார். பசித்த சிற்றுயிர், அவ்வளவுதான். காட்டில் குடித்துவிட்டு வீசப்படும் பீர்புட்டி இன்னொரு பக்கம் வருகிறது. சில்லு யானையின் பாதத்தில் ஏறினால் அந்தப் பெரிய உடல் நாள்கணக்கில் சீழ் வைத்துச் சாகும். புழுவும் புட்டியும் எதிரெதிராக வைக்கப்பட்டிருக்கின்றன. நமக்கு அருவருப்பானது காட்டைத் துப்புரவாக்குகிறது, நம் கேளிக்கைப் பொருள் அதைக் கொல்கிறது. இரண்டும் குறியீடாகும் முன்பே உண்மை. பொள்ளாச்சியிலிருந்து மலையேறுகிற எவரும் வழியோரத்தில் அந்தப் புட்டிகளைப் பார்த்திருப்பார்கள்.

'யானை டாக்டர்' கதையில் முரண் எங்கே? டாக்டருக்கு அரசு விருது வாங்கித்தர அதிகாரி படும் பாட்டில். டெல்லிக்குக் கோப்பு போகிறது, விருது வருவதில்லை. காலில் சில்லேறிய குட்டி யானை டாக்டரைத் தேடி வருகிறது. மனித அரசு அறியாத மனிதரை யானைக் கூட்டம் அறிந்திருக்கிறது. இந்தக் கதையின் குரல் புதுமைப்பித்தனுடையதைப் போலக் கசப்பானதன்று. நேரடியாக உணர்ச்சிவசப்படுகிறது, சில இடங்களில் பிரசங்கமும் செய்கிறது. முரணை விடக் குறியீட்டை நம்பிய கதை இது. ஆகவே மாணவர்களுக்கு எளிதாகப் பிடிபடுகிறது. 'பொன்னகரம்' பாடத்திலிருந்து வெளியே போனதையும் 'யானை டாக்டர்' பாடத்துக்குள் வந்ததையும் அருகருகே வைத்தால், நம் கல்வி அமைப்புக்கு எந்தத் தொனி கைவருகிறது, எது கைவருவதில்லை என்பது புரியும்.

குறியீடு சில சமயம் எழுத்தாளருக்கு மறைவிடமாகவும் ஆகிறது. நீதிமன்றத் தீர்ப்பு வந்த 2016-இலேயே பெருமாள்முருகன் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யை வெளியிட்டார். மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், ஆகவே ஆடுகளைப் பற்றி எழுதுவதாக முன்னுரையில் சொன்னார். கதைக்குள் ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய அரசு வரிசையில் காத்து நிற்கிறார்கள். கறுப்பாடு என்பதால் கூடுதல் சந்தேகம். பழைய உள்ளுறையின் வேலையை இந்த வெள்ளாடு செய்கிறது. சொல்ல முடியாததை நிலத்தின் விலங்கு சொல்கிறது.

கோவைக்கு இதற்கு நேர்மாறான மரபும் உண்டு. 1971-இல் இங்கே தொடங்கிய வானம்பாடி இயக்கம் நெருப்பு, விடியல், இரத்தம் போன்ற படிமங்களைப் புதுக்கவிதையில் வெள்ளமாகப் பாயவிட்டது. அந்த வேகம் ஒரு தலைமுறையைக் கவிதைக்குக் கொண்டுவந்தது. கூடவே, ஒரு குறியீட்டுக்கு ஒரு பொருள் என்ற சாவிக்கொத்துப் பழக்கத்தையும் மேடைகளில் பரப்பியது. சிவப்பு என்றால் புரட்சி, விடியல் என்றால் விடுதலை. சிறுகதைக்கு இந்தச் சாவிகள் பொருந்துவதில்லை. திருப்பூரின் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' நாவலில் எழுதிய சிவப்பு, நொய்யலில் ஓடிய சாயக் கழிவின் சிவப்பு.

கரு என்று எழுதும்போது

தமிழ்ச் சிறுகதை விமர்சனத்தில் இந்த மூன்றையும் கையாள மூன்று பாதைகள் இருந்தன. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து' இதழில் அலசல் விமர்சனத்தைக் கொண்டுவந்தார். வரியை வரியாகப் பிரித்து, உத்தி எங்கே வேலை செய்கிறது என்று காட்டுவது அது. க.நா. சுப்ரமண்யம் தம் ரசனையின் பேரில் தேர்ந்து பட்டியலிட்டார், விளக்கத்தில் அவருக்கு அக்கறை குறைவு. மார்க்சியர்கள் கதையைச் சமூகத்தோடு சேர்த்துப் படித்தார்கள். கா. சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' 1967-இல் வந்து, வடிவத்துக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவைப் பேசியது.

இந்தப் பாதைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் கோவையிலிருந்து நடுவே நின்றவர் கோவை ஞானி. சோமனூரில் 1935-இல் பிறந்து, பள்ளித் தமிழாசிரியராகப் பணியாற்றி, 2020-இல் மறைந்தவர். மார்க்சியத்தை விடாமலே, படைப்பைக் கட்சிக் கருத்தாகச் சுருக்குவதை எதிர்த்தார். 'நிகழ்' இதழில் அதற்கு இடமும் தந்தார். நடுவயதில் பார்வை போனபின் மற்றவர் வாசிக்கக் கேட்டே கதைகளை உள்வாங்கினார். அந்த நிலையிலும் நாவல்களைப் பற்றியும் சிறுகதைகளைப் பற்றியும் தொடர்ந்து எழுதினார். தொனியைக் காதால் பிடிக்கும் வாசிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருந்தது.

கல்லூரி ஆய்வேடுகள் வேறு வழியில் போயின. இன்னாரின் சிறுகதைகளில் சமுதாயச் சிக்கல்கள், இன்னாரின் சிறுகதைகளில் பெண்கள், இன்னாரின் சிறுகதைகளில் வறுமை. கதைகளைப் பிரித்து ஒவ்வொரு தலைப்பின் கீழும் மேற்கோள்களை அடுக்கினால் ஏடு முடிந்துவிடும். இந்த முறையில் அம்மாளுவும் நாகம்மாளும் 'பெண்களின் அவலநிலை' என்ற ஒரே அறைக்குள் தள்ளப்படுவார்கள். ஒருத்தி மீது கதைசொல்லி காட்டும் பொய்யான உற்சாகமும், மற்றவள் மீது கதைசொல்லி காட்டும் விலகலும் அங்கே பதிவாகாது. கரு ஒன்றுதான், கதை வேறு.

ஆனாலும் எல்லா எதிர்ப்பையும் 'முரண் புரியாதவர்களின் கூச்சல்' என்று ஒதுக்கிவிடுவது எளிய தப்பித்தல். ராஜ் கௌதமன் போன்ற தலித் விமர்சகர்கள் புதுமைப்பித்தனின் தொனியைத் தவறவிட்டவர்கள் அல்லர். அவரைப் பற்றி முழுநூலே எழுதியவர் ராஜ் கௌதமன். அவர் போன்றவர்களின் வாசிப்பு இன்னும் கடினமான ஒரு கேள்வியைக் கிளப்புகிறது. கேலியின் குறி மேல்சாதி ஒழுக்கம்தான் என்றாலும், அந்தக் கேலியைச் சுமக்கும் உடல் யாருடையது? 'துன்பக்கேணி'யின் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அவள் படும் துன்பத்தை எழுதியவரின் பரிவு உண்மை. ஆனால் அந்தப் பரிவு எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறது என்பதும் கதைக்குள்தான் இருக்கிறது. வால்பாறைத் தோட்டங்களின் வரலாற்றைச் சொல்லும் பி.எச். டேனியலின் நாவலைக் கோவை எழுத்தாளர் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவருக்கு இந்தக் கேள்வி வகுப்புக்கு வெளியிலிருந்து வந்த அரசியலாகத் தோன்றாது. முரணைக் கேட்கும் காது அதன் எல்லையையும் கேட்க வேண்டும்.

இனிச் செய்யக்கூடியது

கல்வி நிறுவனங்களுக்கு வெளியே வாசிப்பு தளர்ந்துவிடவில்லை. விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் வழங்கிவரும் விருது விழா டிசம்பரில் கோவையில்தான் நடக்கிறது. எழுத்தாளரோடு உட்கார்ந்து கதைகளைத் துருவிப் பேசும் அமர்வுகள் அதன் பகுதி. எழுத்தாளர் நாஞ்சில் நாடன் 1989-இலிருந்து இந்த ஊரில் வாழ்கிறார். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2023-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கொங்குக் குடிநாவிதர் குடும்பங்களின் கதை அது.

தேவிபாரதி எழுதிய அந்த உலகத்தில்தான் ஆய்வுக்கு இன்னும் தொடாத நிலம் கிடக்கிறது. கொங்கின் மரியாதைப் பேச்சைக் கவுண்டர் வீட்டு வாசலிலிருந்து கேட்டவர்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள். நாவிதர், வண்ணார், அருந்ததியர் வாயில் அதே 'ங்க' கட்டாயமாக இருந்தது. கட்டாயமான மரியாதைக்குள்ளும் குத்தல் இருந்திருக்கும். அது எங்கே தொனியாக வெளிப்படுகிறது, எங்கே விழுங்கப்படுகிறது என்று கதைகளை வைத்துப் பார்த்த முழுமையான ஆய்வு ஒன்று வர வேண்டும். ஷண்முகசுந்தரத்திலிருந்து வா.மு. கோமு வரை உரையாடல்களை மட்டும் எடுத்து, பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், விகுதி எந்த இடத்தில் நீள்கிறது, எந்த இடத்தில் அறுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். அந்தந்த ஊர்க்காரர்களை அதே வரிகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யலாம். வட்டாரச் சொல்லகராதி அச்சில் இருக்கிறது, ஒலிப்பதிவுக்குக் கைபேசி போதும். முதுகலை மாணவர் ஒருவர் கோடை விடுமுறையில் தாராபுரத்திலிருந்து இதைத் தொடங்கலாம்.